போனான் யாரோன்

பகலில் என் வேலையே பெயரடைகள்தான்.
குன்னூர் தேயிலை ஏலக் கம்பெனியில் ஆல்துரை சார்
உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டுச் சொல்வார்:
தட்டையான. துவர்ப்பான. கொஞ்சம் கருகிய.
கோப்பை எண்ணுக்கு நேரே நான் தட்டச்சு செய்வேன்.
நல்ல என்று அவர் சொல்லிக் கேட்டு நாளாயிற்று.

இரவில், ஓட்டுப்பட்டறை வீட்டில்,
ஹீட்டர் சுருள் சிவக்கும்வரை போர்வைக்குள்
எஸ்பெராண்டோ, நான்காம் பாடம்.
பெயரடை எல்லாம் ஆ என்றே முடியுமாம்.
விரல்விட்டுப் பார்த்தேன்:
நல்ல, பெரிய, பழைய, சின்ன.
நம்முடையதும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது,
வாயை அவ்வளவு திறக்காமல்.

குளிருக்குத் தனிச்சொல் தரவில்லை பாடம்.
சூடானதன் முன்னால் ஒரு மால் ஒட்டினால் போதும்:
மால்வார்மா.
கண்ணாடி உள்பக்கமாக வியர்க்கும் ஊரில்
இதை எப்படி ஒப்புக்கொள்வது?
டிசம்பர், சூடு இல்லாத நிலை அல்ல.
அதற்கென்று பல் இருக்கிறது.

அப்புறம்தான் சிக்கல்.
தமிழில் நல்ல மாடு, நல்ல மாடுகள்,
மந்தையே வந்தாலும் நல்ல அசையாது.
அங்கே பெயர் உடுத்துவதைப் பெயரடையும் உடுத்த வேண்டும்.
பன்மையா, இரண்டுக்கும் ஒரு ய்.
செயப்படுபொருளா, இரண்டுக்கும் ஒரு ன்.
நல்ல என்பது போனா.
சத்தமாகப் பழகினேன்:
போனா, போனாய், போனான்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஃபிலோமினாவின் கட்டில் கிறீச்சிட்டது.
"யாரு போனதுக்கா?"
"யாருமில்ல. படிக்கிறேன். தூங்கு."

பாடத்தின் கடைசியில் ஒரு வாழ்த்து.
ஆண்டு என்றால் யாரோ.
புத்தாண்டு பிறக்கையில் சொல்ல வேண்டியது:
போனான் யாரோன்.
வாழ்த்துக்கு எதற்கு ன்?
விரும்புகிறேன் என்ற வினை வெளியே வராதாம்.
வினை போய்விடும்,
அது விட்டுச்சென்ற உருபு மட்டும்
இரண்டு சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

படித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.
கழுத்தில் சுற்றியிருந்தது
அவன் மறந்துவிட்டுப்போன மஃப்ளர்.
அது பாடத்தில் இல்லை.

மறுபடி சொன்னேன். பிழையாகவே வந்தது,
ஒவ்வொரு தடவையும் கடைசி ன் விழுந்து:
போனான் யாரோ.
போனான் யாரோ.

சுவருக்கு அப்பால் நெடுநேரம் சத்தமில்லை.
பிறகு, தூக்கம் கலையாத குரலில் ஃபிலோமினா:

"போனாப் போறான், விடுக்கா."