நாலு மணி

பங்களா ஏலத்தில்
ஐந்து கோப்பை, நாலு சாசர்,
மூக்குடைந்த கெண்டி ஒன்று:
முந்நூற்றுப் பத்து ரூபாய்.

இன்று வண்டிப்பெரியாரில் விடாத மழை.
கார் பழுதாகி
லயத்து வாசலில் நிற்கிறார் ரேச்சல் கொச்சம்மா.
நாலு மணி.

கெண்டியைச் சுடுநீரில் அலசு,
பாலைப் பிறகு ஊற்று,
ஸ்பூன் சிணுங்கக் கூடாது:
பதினோரு வருஷம் அவர் வாயால் கேட்டது.

தூள் மட்டும் எங்களுடையது,
கடைசிச் சல்லடையில் விழுந்தது.
பிஸ்கட்டுக்குப் பதில் கப்பை வறுவல்.
நாற்காலி ஒன்றுதான்;
நான் அரிசி மூட்டை மேல்,
சாசர் இல்லாத கோப்பையோடு.

நீலப்பூவின் ஓரத்தை
அவர் கட்டைவிரல் தடவியது,
ஒருமுறை.
‘மழை விடாது போலிருக்கே, தவமணி.’
‘ஆமாங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?’

ஸ்பூன்
சிணுங்கியது
அவர் கையில்.