கைமணம்

ஜாடெட்ஸ் நிலையத்தில் இறங்கும்போதே
ஊர் முழுக்க ஹாப்ஸ் வாடை.
ஈரப் புல்லையும் எலுமிச்சைத் தோலையும் ஒரு பூனையையும்
ஒரே சாக்கில் போட்டுக் கட்டினாற்போல.
குறித்துக்கொண்டேன்.
பிறகு அடித்துவிட்டேன்.
பூனையை யாரும் நம்ப மாட்டார்கள்.

பழைய கிடங்கின் மூன்றாம் தளத்தில் முப்பது பேர்,
பியரைப் பற்றி எழுதுகிறவர்கள்.
ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது,
வாக்கியங்களாகத்தான் பழக்கம்.
"மழை விட்டபின் ரொட்டிக்கடை" என்று எழுதியவர்
கழுத்தில் பட்டை போட்ட பல் மருத்துவர், ஸ்பின்யெக்.
வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி வைக்கும் ரத்மிலா
அன்று மாலை முழுக்க நான்கு சொல் பேசினாள்,
அவற்றில் இரண்டு
கழிப்பறை எங்கே.
என்னை எப்படிக் கற்பனை செய்திருந்தார்களோ,
ஒஸ்த்ராவாவில் லிஃப்ட் பழுதுபார்க்கும்
ஒரு குட்டை ஆளாக அல்ல.

ஆளுக்கொரு பிடி காய்ந்த பூ கொடுத்தார்கள்,
உள்ளங்கையில் கசக்கி முகர்ந்துபார்க்க.
முப்பது பேரும் கைகளுக்குள் முகம் புதைத்தபோது
கூட்டமாக அழுவது போலிருந்தது.
எனக்கு அது வாய்க்கவில்லை.
எட்டுப் பீப்பாயோடு சரக்கு லிஃப்ட்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றுவிட்டது.
யாரோ என் தொழிலைச் சொல்லிவிட்டார்கள்.
சட்டையை மடித்துக்கொண்டு போனேன்.
தேய்ந்த ஒரு கப்பி, அவ்வளவுதான்.
திரும்பி வந்தபோது கைதட்டினார்கள்.
என் எழுத்துக்கு யாரும் தட்டியதில்லை.

எட்டாவது பீப்பாய் திராஹொமீராவுடையது.
அவள் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிறு இறங்கியது.
இரண்டு வருஷத்துக்கு முன்
அவளுடைய வெளிர் லாகரைப் பற்றி
நான்கே வரி எழுதியிருந்தேன்.
கடைசி வரி:
பழைய சங்கிலியை நக்கினாற்போல்.

மறந்திருப்பாள் என்று பார்த்தால்
நேரே என்னிடம் வந்தாள், கையில் கண்ணாடிக் குவளை,
மூன்று விரல் நுரை.
"குழாயை எல்லாம் மாற்றிவிட்டேன்" என்றாள்.
"எண்பதாயிரம் கொருனா.
பழையதை அறுத்துப் பார்த்தோம்,
உள்ளே துருவே இல்லை.
ஆனால் நீங்கள் எழுதியிருந்தீர்களே."

குடித்தேன்.
நுரை மீசையில் தங்கியது.
முதலில் ரொட்டி, பிறகு தேன் தொட்ட ஏதோ,
பிறகு அடிநாக்கில் மெல்லப் பற்றும் கசப்பு,
அதன் பின்னால்
இரும்பு.

அதே இரும்பு.

இன்னொரு மடக்கு.
குவளை மூக்கருகே வரும்போதெல்லாம்
கூடவே வந்தன என் விரல்கள்.
கிரீஸ், கம்பிவட மசி, கப்பியின் கறுப்பு.
அன்றைக்கும்
வேலை முடிந்து, கையை நன்றாகத் தேய்க்காமல்,
பாட்டிலோடு வாய் வைத்துக் குடித்தவன் நான்.

சமைப்பவருக்குக் கைமணம் என்பார்கள்.
குடிப்பவனுக்கும் உண்டென்று
யார் சொன்னார்கள்?

சொல்லாமல் ஊருக்குப் போய்விடலாம்.
ஆறே காலுக்கு ரயில் இருந்தது.
ஸ்பின்யெக் பக்கத்தில் நின்று
குறிப்பேட்டில் என்னமோ எழுதிக்கொண்டிருந்தார்,
"தேன் தொட்ட" என்ற இடம் வரை எட்டிப் படித்தேன்.
இரும்பு எங்குமில்லை.

கையை நீட்டினேன்.
"முகர்ந்து பாருங்கள்."

குனிந்தாள். முகர்ந்தாள்.
நிமிரவே இல்லை, வெகுநேரம்.
தோள் குலுங்கியது,
சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து
யாராலும் சொல்ல முடியாது,
முன்னாலிருந்த என்னாலும் முடியவில்லை.

மேசையில் மீந்திருந்த பூவை வாரி
என் உள்ளங்கையில் கொட்டினாள்.
"தேய்."
மஞ்சள் பொடி ரேகைகளில் ஏற, நகக்கண்ணில் ஏற,
கறுப்பு பச்சையாகும் வரை தேய்த்தேன்.
புதிதாக ஒரு குவளை வைத்தாள்.
குடிக்கும்போது முகத்தையே பார்த்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.

எனக்கான கணக்குச் சீட்டில்
பென்சிலால் ஏழு கோடு இருந்தது.
எட்டாவது போட்டாள்.
பிறகு கீழே, பொறுமையாக, அழுத்தி,
ஓர் எட்டும் நான்கு சுழியமும் எழுதி
குவளையடியில் செருகிவிட்டு
அடுத்த மேசைக்குப் போனாள்.

சீட்டு இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.
ஈரத்தில் ஒரு சுழியம் மட்டும் அழிந்திருக்கிறது.
மீதியை
எப்படித் தருவதென்று தெரியவில்லை.