சுவருக்கு இந்தப் பக்கம்

மேல்மாடி பாஸ்டியான் பத்து நாள் ஊரில் இல்லை.
அவன் பூனைக்குச் சோறு வைப்பது நான்.
கூலி: அவனுடைய ஸ்பீக்கர் இரண்டும்
அதுவரை என் வீட்டில்.
இறக்கிக் கொண்டுவருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.
"ஸ்லாய்ஸ் பதினொன்று. ஹிட்ஸ் தொகுப்பு, பத்தொன்பது பாட்டு.
லாஸ்லெஸ், நீல்ட்யே.
ஸ்டூடியோவில் இருந்ததில் ஒரு தூசுகூட விடுபடவில்லை"
என்றான், தராசு முள்ளைக் காட்டும் நகைக்கடைக்காரன்போல.

சிரித்துக்கொண்டேன்.
அந்த இருவரின் பாட்டை என்னைவிட அதிக இரவு கேட்டவர்
இந்த ராட்டர்டாமில் யார்?
மாஸ் ஆற்றங்கரையில், கிளப்பாக மாறிய பழைய கிடங்கில்
ஒன்பது வருஷம் கோட்டு வாங்கி மாட்டியவள் நான்.
அவர்களுக்கு ஆட்டம், எனக்குச் சுவர்.
சுவரைத் தாண்டி வந்தது பாட்டின் பாதம் மட்டும்:
தும். தும். தும். தும்.
முகம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால்
முழித்திருப்பேன்.

அறுநூறு கோட்டு.
மழை இரவென்றால் ஈரக் கம்பளி நாற்றம்.
ஒவ்வோர் அடிக்கும்
காலிக் கைகள் அறுநூறு ஜோடி ஒருசேர நடுங்கும்,
உள்ளே ஆடியவர்களைவிட ஒழுங்காக.
நடுவில் ஸ்டூல் போட்டு, தேநீரோடு நான்.

ஒருநாள் அந்த இருவரே வந்தார்கள்.
உயரமானவன் டோக்கனைத் தொலைத்துவிட்டு
"என் கோட்டு எனக்குத் தெரியாதா?" என்றான்.
எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.
விடியும்வரை நிறுத்திவைத்தேன்.
மிஞ்சிய ஒன்று அவனுடையதுதான்.

இன்று ஞாயிறு.
பாஸ்டியான் சாக்பீஸில் குறித்த இடத்தில்
நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.
முதல் பாட்டு.
அட.
இதற்குள் ஒரு பெண் இருந்தாளா?
பாடுமுன் உதடு பிரியும் அந்த ஈரச் சத்தம்.
அவளுக்குப் பின்னால், வெகு பின்னால்,
யாரோ கதவைச் சாத்துகிறார்.
வலப்பக்கம் மணல் சலிப்பதுபோல் எழுந்த ஒன்று
இடப்பக்கம் நடந்துபோய் அணைகிறது.
ஒன்பது வருஷம் அடுத்த வீட்டில் இருமியவரை
முதல்முறை நேரில் பார்க்கிறேன்.
எழுந்து கைகொடுக்கத் தோன்றியது.

ஏழாவது பாட்டு என்னுடையது.
நான்கு அடிக்கு ஒருமுறை, இரண்டு அடிகளின் இடுக்கில்
மெல்லிசாய் ஒரு கிணுகிணுப்பு வரும்.
அதற்காகவே தேநீரைக் கீழே வைப்பேன்.
காத்திருந்தேன்.
வரவில்லை.
சத்தத்தைக் கூட்டினேன். திரும்ப வைத்தேன்.
போன் போட்டேன்:
"உன் லாஸ்லெஸில் ஒன்று குறைகிறது."
"அப்படி ஒரு ஒலி அந்தப் பாட்டிலேயே கிடையாது" என்றான்.
பூனை சாப்பிட்டதா என்றான்.

பாட்டை அணைக்காமலே படியேறினேன்.
மீன் டப்பாவைத் திறந்து தட்டில் கொட்டும்போது
தரை வழியே வந்தது, தெரிந்த பாதம்.
தும். தும். தும்.
கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தம்ளரில்
சாய்ந்திருந்த கரண்டி
கிணுங்கியது.

ஹாங்கர்கள்!
கூட்டம் நிரம்பாத இரவுகளில்
கடைசி வரிசையில் சும்மா தொங்கிய கம்பி ஹாங்கர்கள்
ஒன்றோடொன்று உரசிய சத்தம்.
எந்த மைக்கும் அவற்றின் முன் நின்றதில்லை.
அந்தப் பாட்டில் வாசித்தவர்கள் இருவரல்லர்,
எண்ணி மாளாது.

பூனை தின்றது. நான்
ஃபிரிட்ஜில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்து
கடைசிவரை கேட்டேன்.
பிறகு கீழே இறங்கி
ஏழாவதை மறுபடி ஓடவிட்டு
மேலே வந்தேன்.
இருபத்திரண்டு படி, இடது மூட்டில் வலி.
இன்னொரு கரண்டியையும் தம்ளரில் சாய்த்து வைத்தேன்.