நடுச்சுவர் நிற்கும் இடம்

இருபது எண்களை
நான்கு நான்காக அழுத்துகிறேன்.
மீட்டர் கொஞ்சம் யோசிக்கிறது,
பிறகு மனசில்லாமல் ஒத்துக்கொள்கிறது.
நூறு ராண்டுக்கு முப்பத்தோரு யூனிட்.
வெள்ளிக்கிழமை போட்டது
செவ்வாய் ராத்திரி தீர்ந்துவிடுகிறது.

யார் தின்கிறார்கள்?

முதலில் கிரீசனைச் சந்தேகப்பட்டேன்,
அவன் கம்ப்யூட்டரை,
அவன் அணைக்க மறக்கும் விளக்குகளை.
ஒரு வாரம் இருட்டில் சாப்பிட்டோம்.
மீன் முள் தொண்டையில் குத்தியதுதான் மிச்சம்.
மீட்டர் அசரவில்லை.

பிறகு ஒரு ஜூலை இரவு
தூக்கம் வராமல் கிடந்தபோது கேட்டது,
தலைக்கு மேலே, சீலிங்குக்குள்,
டிக்.
அதைத் தொடர்ந்து
அடுப்பில் வைத்த குண்டானின் மெல்லிய முனகல்.
பேவியூ மொத்தமும் உறங்குகிறது.
குளிக்க ஆளில்லை.
எங்கள் கீசர் மட்டும்
கல்யாண வீட்டுக்குப் போல
தண்ணீர் காய்ச்சுகிறது.
ஆற விட்டு, காய்ச்சி,
மறுபடி ஆற விட்டு.

பதினாறு வருஷமாக
கூரைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மெயினை இறக்கினேன்.
தலையில் துணி கட்டி, டார்ச்சைப் பல்லில் கடித்து
ஏணி ஏறினேன்.
கையில் வெள்ளித்தாள் ஒட்டிய கண்ணாடிப்பஞ்சுச் சுருள்,
இரண்டு கட்டு டேப்.

நான் நினைத்ததைவிடச் சின்னது அது.
துருப்பிடித்த வயிற்றோடு
குப்புறப் படுத்த கன்றுக்குட்டிபோல.
தொட்டேன். கை சுட்டது.
இந்தச் சூடுதானா
என் முப்பத்தோரு யூனிட்?

ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில்
ஊரான் இடுப்புக்கெல்லாம் பட்டி தைத்தவள் நான்.
அளவெடுக்கவே இல்லை,
கண் போதும்.
இழுத்துச் சுற்றினேன், மடித்து ஒட்டினேன்.
சூடு வெளியேறும் குழாய்க்கு
முதல் ஒரு மீட்டர் தூரம் கைச்சட்டை.
திருகாணியை எழுபதிலிருந்து
ஐம்பத்தைந்துக்கு இறக்கினேன்.
முழங்கை வரை அரிப்பு,
மூக்கில் பல்லிப் புழுக்கை வாசம்.

திரும்பும்போதுதான் பார்த்தேன்.
எங்கள் வீட்டையும் அவர்கள் வீட்டையும்
பிரிக்கும் நடுச்சுவர்
சீலிங் உயரத்தோடு நின்றுவிடுகிறது.
அதற்கு மேல் ஒரே இருட்டு,
ஒரே கூரை, ஒரே எலிகள்.
அந்தப் பக்கம் இன்னொரு கீசர்,
ஒட்டுத்துணி இல்லாமல்.

மொகம்பரி வீட்டோடு பேச்சில்லை, ஒன்பது வருஷம்.
அவர்கள் அவகாடோ மரத்தின் வேர்
எங்கள் சாக்கடைக் குழாயை உடைத்த நாள் முதல்.
மரம் அதற்குப் பிறகும் காய்த்தது.
காய்கள் எங்கள் பக்கம் விழுந்து அழுகின.
ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை.

கீழேயிருந்து குரல் வந்தது, அவர்கள் சமையலறை.
"ஏழு, சைபர், சைபர், நாலு."
"மெதுவா சொல்லுங்க."
"சைபர், சைபர்..."
"தப்புங்குது."
"திரும்ப ஆரம்பி."
அவர் இருமினார். அவள் ஆரம்பித்தாள்.
ஏழு.

சுருளில் ஒன்றரை மீட்டர் மிச்சம்.
இறங்கிப் போய்விட்டிருக்கலாம்.
மடித்து வைத்தால் நாய்க்குப் படுக்கையாகும்.

சீலிங் பலகையில் விரல் முட்டியால் தட்டினேன்.
"உங்க கீசர் சும்மா கிடக்குது" என்றேன்.

எண்கள் நின்றன.

"யாரு?"
எலியிடமும் சாமியிடமும்
ஒரே மாதிரி கேட்கும் கேள்வி.

"நான்தான்.
பஞ்சு இருக்கு, டேப்புதான் தீர்ந்துபோச்சு.
உங்ககிட்ட இருக்கா?"

நெடுநேரம் பதில் இல்லை.
குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம்.
அப்புறம் ஒரு மேஜையை இழுக்கிறார்கள்,
கால் ஒன்று குட்டை போல, கிறீச்சிடுகிறது.
அவர்கள் பக்கத்துப் பொறிக்கதவு
தூசியோடு ஒரு விரற்கடை மேலெழும்ப,
கீற்றாய் வெளிச்சம்,
அதற்குப் பின்னால்
பழுப்புநிற டேப்புச் சுருளைப் பிடித்த
ஒரு கை.