கூட்டு ஆய்வு

ஜீப் எனதில்லை. டீசல் மாநிலத்துடையது.
பின்சீட்டில் விஞ்ஞானி, மத்திய வாரியம்,
விடியற்காலை ரயிலில் காட்பாடி வந்து இறங்கியவர்.
பக்கத்தில் மாநில வாரியத்துப் பொறியாளர்.
முன்னால், என் இடதுபுறம், வட்டாட்சியர்,
மடியில் கோப்பு, கோப்பின்மேல் வெற்றிலைப் பொட்டலம்.

தீர்ப்பாயம் சொல்லிவிட்டது: சேர்ந்து போங்கள்.
சேர்ந்துதான் போனோம்.
மேல்விஷாரம் தாண்டி, தோல் ஷாப்புகளின் வாடை தாண்டி,
பாலாற்றின் ஓரமாக.
ஆறு என்று பலகை சொன்னது.
வேலிக்காத்தான் பூத்திருந்தது.

மாவட்டத்தை மூன்றாக வெட்டிய வருடம்
அந்தம்மாவின் மனு எந்தத் துண்டில் விழுந்ததென்று
ஒன்பது மாதம் யாருக்கும் தெரியவில்லையாம்.
வட்டாட்சியர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தண்ணீர் மாநிலப் பட்டியல் என்றார் விஞ்ஞானி.
மூன்று மாநிலம் தொடும் ஆறு உங்கள் பட்டியல்
என்றார் பொறியாளர்.
காடு பொதுப்பட்டியல் என்றார் வட்டாட்சியர்,
ஒரு மரமும் இல்லாத சாலையில்.

ரேணுகாம்பாளுக்கு ஐம்பது இருக்கும்.
கிணற்றடியில் காத்திருந்தாள்.
மோட்டார் பட்டனை அமுக்கினாள், கரண்ட் இல்லை.
மின்சாரம் எந்தப் பட்டியல் என்று
நானும் கேட்டிருக்கலாம்.
தாம்புக்கயிற்றை எடுத்தாள்.

ஒரே குடத்துத் தண்ணீர் மூவருக்கும் ஆகாதாம்.
மூன்று முறை இறைத்தாள்.
நீல மூடி மத்தியம். வெள்ளை மூடி மாநிலம்.
வட்டாட்சியர் பாட்டில் கொண்டுவரவில்லை;
என் மாம்பழ ஜூஸ் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தேன்.
எந்தத் தண்ணீரில் கழுவினேன் என்று கேட்காதீர்கள்.

வெயிலுக்கு நேராகப் பிடித்தால் லேசான மஞ்சள்.
மூன்று பாட்டிலிலும் அதே மஞ்சள்,
அதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.

"ரிசல்ட்டு யாரு குடுப்பீங்க சார்?"
கல்யாணப் பந்தியில் முதல் இலைக்குக் கூப்பிட்டால்
ஒருவரையொருவர் பார்ப்பார்களே,
நீங்க உட்காருங்க, இல்ல இல்ல நீங்க,
அப்படிப் பார்த்துக்கொண்டார்கள்.

மகஜர் எழுதினார்கள், கார்பன் வைத்து மூன்று நகல்.
எனக்கொண்ணு என்றாள்.
நாலாவது தாளுக்குக் கார்பன் பதியாது என்றார் பொறியாளர்.
உண்மைதான், பதியாது.
அவள் செல்போனில் படமெடுக்கப் பார்த்தாள்,
கோப்பு மூடியாகிவிட்டது.

வண்டியை எடுத்தேன். ரேடியேட்டரிலிருந்து புகை.
பானெட்டைத் தூக்கிவிட்டு, ஆறட்டும் என்று
புளியமரத்தடியில் ஒரு பீடி நேரம் நின்றேன்.
குடத்தில் மிச்சம் இருந்தது, தூக்கினேன்.
ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாபா பண்ற? அத ஊத்தாத.
இஞ்சினு அரிச்சிடும்."

உள்ளேபோய் கேனை உருட்டிக்கொண்டு வந்தாள்,
இருபது லிட்டர், காலையில்தான் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கியது.
சாய்த்துப் பிடித்து ஊற்றினாள்.
போதும் போதும் என்றேன்,
நிரம்பட்டும் என்றாள்.
உள்ளே மூன்று பேரும் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ராத்திரி ஷெட்டில் வண்டியை விட்டு லாக் புக் எழுதினேன்.
டீசல், எட்டு லிட்டர், யார் கணக்கு: மாநிலம்.
ஆயில், இல்லை.
தண்ணீருக்குக் கட்டமே போடவில்லை அச்சடித்தவன்.
ஓரத்தில் சின்னதாக எழுதினேன்:
தண்ணீர், பத்து லிட்டர்,
யார் கணக்கு: ரேணுகாம்பாள்.