விடுபட்ட பாத்தி

ஒட்டுசுட்டான் மேட்டில் முப்பத்தாறு இன நெல்,
இடம் மாற்றி மாற்றி மூன்று தரம் விதைத்தது.
நூற்றெட்டுத் தடி, நூற்றெட்டுத் தகரத் துண்டு.
மழை கார்த்திகை நடுவோடு நின்றுவிட்டது.

எனக்குச் சம்பளம் எண்ணுவதற்கு.
மட்டம் எத்தனை, கதிரில் மணி எத்தனை, சப்பி எத்தனை.
பிறகு ஆயிரம் மணியின் நிறை.
அறுநூற்று நாற்பதில் தொலைபேசி அடித்தால்
திரும்பவும் ஒன்றிலிருந்து.

பதினேழு அழகன்.
இடுப்பளவு உயரம், பதினான்கு மட்டம்,
பணிப்பாளர் வந்தால் அதன் பக்கத்தில்தான் படம் எடுப்பார்.
கதிரை உருவினேன். உள்ளங்கை நிறையச் சப்பி.
ஊத, போயிற்று.

முப்பத்தொன்று கட்டை. ஐந்தே மட்டம்.
காலை பத்துக்கே இலையைச் சுருட்டிக்கொள்ளும், பீடிபோல;
நாலரைக்கு விரிக்கும்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'குறிப்பு' என்ற விரலகல இடத்தில்
'வெயிலைத் தெரிந்த பயிர்' என்று எழுதி, வெட்டி,
'இலை சுருளும்' என்றேன்.

சராசரி உயரம் எழுபத்திரண்டு வந்தது.
எழுபத்திரண்டில் ஒரு பயிரும் நிற்கவில்லை.
இந்த ஏற்ற இறக்கத்தில் மண் தந்தது எவ்வளவு,
வித்து தந்தது எவ்வளவு என்று பிரிக்கத்தான்
இத்தனை கூத்தும்.

தைப்பொங்கலுக்கு ஆறு நாள் இருக்க
இரண்டாம் தொகுதிக்குள் பன்றி இறங்கியது.
முப்பத்தொன்றின் பாத்தியில்
தடி மட்டும் நின்றது, தகரத்தோடு.

பரவாயில்லை, சூத்திரம் இருக்கு என்றேன்.
அந்த இனத்தின் மற்ற விளைச்சல்,
அந்தத் தொகுதியில் மிஞ்சியது, முழுத்தொகை;
பெருக்கு, கூட்டு, கழி, வகு.
இல்லாத பாத்தியும் விளையும்,
தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தில்.

கதிர் கட்டிக்கொண்டிருந்த மங்களேஸ் அக்கா நிமிர்ந்தா.
"இல்லாததுக்கு எப்பிடித் தம்பி கணக்கு?"
"பக்கத்தில இருக்கிறதுகளை வைச்சு."
"அப்ப அது விளைஞ்சது எண்டு எழுதுவியளோ?"
"இல்லையக்கா. பக்கத்தில ஒரு நட்சத்திரம் போடுவம்."

அவ குனிந்துகொண்டா.
மாதத்தில் ஒருநாள் அவ வேலைக்கு வருவதில்லை.
பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு படத்தோடு
முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறுவா.
நான் கேட்டதில்லை.

இரவு கணினியில் எண் வந்தது:
ஒன்று தசம் ஒன்று நான்கு.
நட்சத்திரம் போட்டேன்.

விடிய, தீப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்தா.
பன்றி உழுத மண்ணில் பொறுக்கியது,
பத்தொன்பது மணி. இரண்டு தரம் எண்ணினேன்.
எங்கள் தராசு கிராமுக்குக் கீழே பேசாது;
பூச்சியம் காட்டியது.
உறையில் போட்டு எழுதினேன்:
முப்பத்தொன்று, இரண்டாம் தொகுதி.
நட்சத்திரம் இல்லாமல்.