அண்ணத்தில் ஆறு

பெட்டியைப் பிரித்தது ஒரு புதன்கிழமை.
பாய்ராய்ட்டில் பனி.
அருங்காட்சியகத்து ஹெட்விக் ராங்
துண்டுச் சீட்டு வைத்திருந்தாள்:
அச்சு எடுத்துத் தரவும், கீறல் கூடாது,
மணிக்கணக்கில் கூலி.

நான் பல் கட்டுகிறவள்.
என் மேசைக்கு வரும் வாய்கள்
வலியோடு வரும், அல்லது வெட்கத்தோடு.
இது கல்லாக வந்தது.

முன்னால் உளிபோல் நீட்டிக்கொண்டு ஆறு,
பாறையில் ஒட்டியதை நெம்ப.
தாடை ஓரம் பக்கத்துக்கு நாலு, பொத்தான் அளவு.
அப்புறம் அண்ணத்தில்,
நாம் அல்வாவை நசுக்கும் இடத்தில்,
பக்கத்துக்கு மூன்றாய் ஆறு தட்டுகள்,
காப்பிக்கொட்டைக் கறுப்பு, ஈரம்போல் மினுக்கம்.
கிழிக்க என்று ஒரு பல் கிடையாது.
ஓடு, ஓடு, ஓடு,
இதற்குத் தெரிந்த சமையல் அவ்வளவுதான்.

பெட்டியின் அடியில் இன்னொரு சீட்டு,
இந்த ஊருக்கு ரயில் வராத காலத்துக் கையெழுத்து:
மீன்.

எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன்.
அண்ணத்தில் உருண்டைப் பல் வைத்த மீன்கள் உண்டு.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இதற்குப் பல் மட்டும் மிஞ்சி,
சொல்லை நாம் போட்டோம்.

ஆனால் என் கைக்கு ஒரு பழக்கம்,
எந்தப் பல்லையும் ஈறுவரை தடவிவிடும்.
ஊசி இறங்கியது. நின்றது.
எலும்புக்குள் குழி, குழிக்குள் வேர்.
ஹெட்விக்குக்குப் போன் போட்டேன்:
"இது மீன் இல்லை."
அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.
நூற்றைம்பது வருஷம் பிந்திவிட்டேனாம்.
சீட்டை அழகுக்காக விட்டு வைத்திருக்கிறார்களாம்.

பிறகு அவளே சொன்னாள், ஏதோ சாப்பிட்டுக்கொண்டே:
ஊர்வன. கடலுக்குத் திரும்பிப் போனது.
கண்ணுக்குப் பின்னால், மேலே, ஒற்றைச் ஜன்னல்;
பல்லிக் கூட்டத்து மூதாதைகளுக்கு இரண்டு.
நீள்கழுத்து நீச்சல்காரர்கள் தாயாதிகள்.
பங்காளிகளில் சிலர் முதுகில் ஓடு போட்டுக்கொண்டார்கள்,
பார்த்தால் ஆமை, ஆனால் ஆமை இல்லை.
இது போட்டுக்கொள்ளவில்லை.
முதுகெலும்பின்மேல் ஒரு வரிசை முண்டு, அவ்வளவே.
எலும்பெல்லாம் கனம். மூழ்குவதற்கென்றே கனம்.
உச்சந்தலையில் மூன்றாவது கண்ணுக்கு ஒரு துளை,
எரிக்க அல்ல,
வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள.
வாரிசு?
யாருமில்லை என்றாள். மென்று விழுங்கினாள்.

மூன்று மணிக்கு லோரன்ட்ஸ் சாப்ஃப் வந்தார்.
நாற்பது வருஷம் சுண்ணாம்புக் குவாரி,
ரொட்டியோடு சேர்த்துத் தின்ற கல்தூசியில்
கடைவாய் எல்லாம் தரைமட்டம்.
மூன்று வருஷமாகப் பல்செட் வேண்டாம் என்கிறார்,
வேண்டாம் என்று சொல்லவே வருகிறார்.
வெள்ளை அச்சைக் கையில் வாங்கினார்.
திருப்பினார்.
நாக்கைத் தன் அண்ணத்தில் ஓட்டிப் பார்ப்பது
கன்னத்துக்கு வெளியே தெரிந்தது.

"இது விரிந்திருக்கிறதே," என்றார்,
இடது பக்கம், நடுத்தட்டில், மயிரிழை.
"வலித்திருக்குமா?"

கல்லை விளக்கடியில் சாய்த்துக் காட்டினேன்.
விரிசலுக்குக் கீழே,
எலும்பின் கூட்டுக்குள்,
அடுத்த பல் தயாராக இருந்தது.
முழுசு. ஒரு கிளிஞ்சலும் தொடாதது.
இருபத்துநாலு கோடி வருஷமாக
அதன் முறை வரவில்லை.

சாப்ஃப் ஒன்றும் பேசவில்லை.
நான் பில் எழுத உட்கார்ந்தேன்.
நோயாளி பெயர்: தட்டைப்பல்லன்.
வயது என்ற கட்டம் சின்னது, விட்டுவிட்டேன்.
புகார்: இல்லை.

கிளம்பும்போது கோட்டுப் பையிலிருந்து
ஒரு வால்நட் எடுத்தார்.
வாய்வரை கொண்டுபோய்,
என்னைப் பார்த்து,
கதவிடுக்கில் வைத்து அழுத்தினார்.
ஓடு நொறுங்கிற்று.

இரண்டு பேருமே திரும்பி
மேசையைப் பார்த்தோம்.